ஸ்டெப்னி இல்லை என்று எந்த விளம்பரமும் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தை ஒரு கார் விளம்பரம் முழுவதுமாக மூடியிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. விளம்பர வருமானம் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த விளம்பரத்தை நான் ஒரு வரி விடாமல் படித்தேன். பனிமலை, ஆளில்லாத சாலை, ஓடைத் தண்ணீரை இரண்டு பக்கமும் வாரியடித்துக்கொண்டு போகும் கார், மேற்கூரைத் திறப்பில் எழுந்து நின்று கைகளை விரிக்கும் ஒரு சிறுமி. வாசகம் மொத்தம் நான்கே சொற்கள்தான். அந்த நான்கில் ஒன்றுகூட காரைப் பற்றியது அல்ல. விலையைத் தவிர, காரைப் பற்றிய விஷயமெல்லாம் தாளின் அடியில் இருந்தது. அளவுகோலை எடுத்து அளந்தேன். தலைப்பு எழுத்தின் உயரம் 42 மில்லிமீட்டர். அடியில் இருந்த நிபந்தனைகளின் உயரம் ஒரு மில்லிமீட்டர்.

நான் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோவை ராமநாதபுரத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் 1970ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இன்றும் ஓடுகிறது. பஞ்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த என் அப்பா வாங்கியது. 948 சி.சி. இன்ஜின், நான்கு கதவு. சென்னைக்கு அருகே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. இங்கிலாந்தில் 1959ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். அதன் உடலை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அப்பா காலமான பிறகு காரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கிறேன்.

பழைய கார் வைத்திருப்பவள் புதிய காரைக் குறை சொல்லத்தான் செய்வாள் என்று உங்கள் வாசகர்கள் நினைக்கக்கூடும். அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் பேரனை ஹெரால்டில் உட்காரவைத்து நான் நான்குவழிச் சாலையில் போக மாட்டேன். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நிறுத்த நினைக்கும் இடத்துக்கு வெகுமுன்பே மிதிக்க வேண்டும். சீட் பெல்ட் கிடையாது. வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரங்கள் உள்நோக்கி மடங்கி வண்டி தூக்கும். அந்தப் பின்புற அமைப்பின் குணம் அது. எழுபதுகளின் கடைசியில் அவினாசி சாலையில் ஒரு மாட்டு வண்டியைத் தவிர்க்க அப்பா பிரேக் அடித்தபோது, முன்சீட்டில் இருந்த அம்மாவின் நெற்றி கண்ணாடிச் சட்டத்தில் மோதியது. அந்தத் தழும்பு அம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது.

எங்கள் ஊரில் பழைய கார் வைத்திருக்கும் சிலர் மாதம் ஒருமுறை காலையில் கூடிப் பேசுவோம். அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எப்போதும் சொல்வார்: "அந்தக் காலத்துக் கார் இரும்பும்மா, இப்ப வர்றது தகரம்." நானும் ஒவ்வொரு முறையும் மறுப்பேன். புதிய காரின் முன்பகுதி நசுங்குவது பலவீனத்தால் அல்ல, நசுங்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மோதலின் விசையை அந்தத் தகடு வாங்கிக்கொண்டால் உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்குக் குறைவாக வரும். நசுங்காத இரும்பு அந்த விசையை அப்படியே ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பத்தாம் வகுப்புக்கு உந்தம் நடத்துகிற எந்த ஆசிரியரும் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுவார். "எல்லாக் காரும் ஒரே மாதிரி இருக்கிறது" என்ற அவருடைய இன்னொரு குறையை மட்டும் பாதி ஒப்புக்கொள்கிறேன். காற்றின் தடையைக் குறைக்கவும், மோதினால் நடந்து போகிறவரின் தலைக்கு அடி குறைவாகப் படவும் எல்லாரும் ஒரே கணக்கைப் போடுகிறார்கள். விடையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும்.

ஆகவே புதிய கார் மீது எனக்குக் கோபம் இல்லை. அதை விற்கும் விதத்தின் மீதுதான் கோபம்.

என் மகள் 2022ல் ஓர் எஸ்.யூ.வி. வாங்கினாள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இது ஒரு நிறுவனத்தைப் பற்றிய புகார் அல்ல. போன மார்கழியில் கரூரில் ஒரு கல்யாணம் முடிந்து இரவு கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெள்ளக்கோவில் தாண்டி, காங்கேயம் வருவதற்கு முன் ஏதோ இரும்புத் துண்டு பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. மகள் இறங்கி டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னி இல்லை. அது இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு சின்னக் காற்றடிக்கும் பம்பும் ஒரு பாட்டில் பஞ்சர் மருந்தும் இருந்தன. ஆணி குத்திய ஓட்டையை அந்த மருந்து அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்த டயரை எந்த மருந்தாலும் அடைக்க முடியாது. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டோம், மரியாதையாகப் பேசினார்கள். ஏற்றிச்செல்லும் வண்டி வர நாலேகால் மணி நேரம் ஆயிற்று. ஐந்து வயதுப் பேரன், மகள், நான். நகை போட்டிருந்தோம். அந்த நாலேகால் மணி நேரம் எப்படிப் போனது என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு விசாரித்தேன். டயர் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் மருந்தும் இருந்தால் ஸ்டெப்னி தர வேண்டியதில்லை என்று மத்திய அரசு 2020 ஜூலையிலேயே மோட்டார் வாகன விதியைத் திருத்தியிருக்கிறது. சட்டப்படி தவறு ஏதும் இல்லை. சரி. ஆனால் அந்தக் கார் வெளிவந்தபோது வந்த விளம்பரத்தை மகள் வீட்டுப் பழைய தாள்களில் தேடி எடுத்தேன். இருக்கைக்குள் காற்று வரும், உட்புற விளக்கு 64 நிறத்தில் மாறும், மேற்கூரை வாயால் சொன்னால் திறக்கும் என்றெல்லாம் இருந்தது. ஸ்டெப்னி இல்லை என்பது ஒரு மில்லிமீட்டர் எழுத்தில்கூட இல்லை.

அதே காரில் இன்னொரு நாள், ஆடி மழையில் வாளையாறு பக்கம் போய்க்கொண்டிருந்தோம். முன்கண்ணாடி உள்ளே ஆவி படிந்துவிட்டது. ஆவியைப் போக்கும் பொத்தான் தொடுதிரைக்குள் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்து நின்றுவிட்டது. பக்கத்தில் லாரி, எதிரே எதுவும் தெரியவில்லை. மகள் ஓரம் கட்டி, வண்டியை அணைத்துப் போட்ட பிறகுதான் திரைக்கு உயிர் வந்தது. ஹெரால்டில் ஏ.சி.யும் இல்லை, ஆவி போக்கும் வசதியும் இல்லை. துணியால் துடைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன். ஆனால் ஒவ்வொரு குமிழும் எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். கண் சாலையை விட்டு நகர வேண்டியதில்லை. கண்ணால் பார்த்துத் தொட வேண்டிய பொத்தான் ஓட்டுபவருக்கு ஆகாது என்று ஐரோப்பாவில் இப்போது பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அங்கே காரின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் போன்ற சிலவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வைத்திருக்கிறது. நம் ஊர் விளம்பரங்களில் திரையின் அங்குலக் கணக்கு இன்னும் பெருமையாகத்தான் வருகிறது.

முன்விளக்கு விஷயமும் இருக்கிறது. காந்திபுரம் நெரிசலில் ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடி உரசி, மகள் காரின் முன்விளக்குக் கண்ணாடியில் கீறல் விழுந்தது. உள்ளே எல்.இ.டி. நன்றாகவே எரிந்தது. மழைநீர் இறங்கும், மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். கண்ணாடி மட்டும் தர முடியாது, மொத்த விளக்கும் ஒரே பாகம், விலை 31 ஆயிரம் ரூபாய். ஹெரால்டில் இருப்பது புல்லட்டிலும் ஜீப்பிலும் பார்க்கும் அதே ஏழு அங்குல வட்ட விளக்கு. உக்கடத்தில் எந்தக் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், நானே மாற்றிவிடுவேன். எல்.இ.டி. வெளிச்சம் எவ்வளவோ மேல், இரவில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. விலையை முன்பே சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

அப்பாவின் கோப்பில் ஹெரால்டு வாங்கியபோது கொடுத்த மடிப்புத் தாள் ஒன்று பத்திரமாக இருக்கிறது. அதில் படம் ஒன்றுதான். முன்பானட் முழுவதும், இரண்டு மட்கார்டுகளோடு சேர்த்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்திருக்கிறது. முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம் என்பது படத்தைப் பார்த்தாலே புரியும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் என்று எழுதியிருக்கிறது. அப்பா அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வாங்கினார். எங்கள் அப்போதைய வீடு இருந்த சந்து அவ்வளவு குறுகல். முதல்முறை வண்டியை ஒரே திருப்பில் சந்துக்குள் நுழைத்ததை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து விளம்பரங்களும் எல்லா உண்மையையும் சொல்லிவிடவில்லை. பின்சக்கரம் மடங்கும் என்று அந்தத் தாளில் எங்கே இருக்கிறது? ஆனால் வாங்குகிறவர் எதை எடைபோட வேண்டுமோ, அதில் கொஞ்சமாவது இருந்தது.

காரோடு வந்த கையேடு இன்னும் மேல். வால்வு இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு இருக்க வேண்டும், எப்படிச் சரிசெய்வது என்பது படத்தோடு இருக்கிறது. முன்சக்கரத்தின் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைப் பாகம் உண்டு. அதற்குக் கிரீஸ் போடக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. கிரீஸ் போட்டால் கெட்டியாகி உள்ளே இறங்காது. திருகு தேய்ந்து ஒருநாள் சக்கரமே மடிந்து உட்கார்ந்துவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட காரணத்தால்தான், எங்கள் காரின் அந்தப் பாகம் நாற்பது வருடத்துக்கும் மேல் உழைத்தது. தேய்ந்தபோது புதியது கிடைக்கவில்லை. கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் பழையதை எடுத்துப்போனேன். டர்னர் தம்பி அரை மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பி அளந்தார். மூன்றாம் நாள் கன்மெட்டலில் கடைந்து இரண்டு ஜோடி கொடுத்தார். "ஒண்ணு வண்டிக்குங்க டீச்சர், ஒண்ணு உங்க பேரனுக்கு" என்றார்.

மகள் காரின் கையேடு 400 பக்கம் இருக்கும். வேலை என்று வருகிற இடத்திலெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தை அணுகவும் என்று முடிகிறது. ஏர்பேக்கையும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸையும் வீட்டில் பிரித்துப் பார் என்று எந்த நிறுவனமும் சொல்லக் கூடாதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்து வருடம் கழித்து அந்த மையம் கைவிரித்தால், அந்தத் திரைக்கும் அந்த விளக்குக்கும் யாரிடம் போவது? லேத்தில் கடைந்து தர முடியாத பொருள் அவை. எத்தனை ஆண்டுக்குப் பாகம் கிடைக்கும் என்ற கேள்விக்கு ஷோரூமில் பதில் கிடைக்கவில்லை. இந்த மாடல் எத்தனை ஆண்டு வரும் என்று கேட்டபோது, அந்தப் பையன், "அதுக்குள்ள நீங்களே மாத்திருவீங்க மேடம்" என்றான். நல்ல பையன், மனதில் பட்டதைச் சொன்னான்.

அப்பா 1970 முதல் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதிவந்தார். தேதி, லிட்டர், ரூபாய், கிலோமீட்டர். நானும் தொடர்கிறேன். மகள் காருக்கும் ஒரு நோட்டு போட்டேன். விளம்பரத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் நோட்டில் ஊருக்குள் 13.4, வெளியூரில் 16.9. பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். விளம்பரத்தில் வரும் அந்த எண் சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல், ஏ.சி.யை அணைத்துவிட்டு, 90 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் எடுத்தது. சித்திரை மாதத்தில் ஏ.சி. இல்லாமல் மூடிய காருக்குள் யார் உட்கார முடியும்? அந்த எண் எப்படி வந்தது என்று ஒரே ஒரு வரி படிக்கும் அளவில் போட்டால் போதும்.

விலையும் அப்படித்தான். போன ஞாயிறு விளம்பரத்தில் தொடக்க விலை பெரிதாக இருந்தது. படத்தில் இருந்தது தொடக்க மாடல் அல்ல. அந்தச் சக்கரமும் மேற்கூரைத் திறப்பும் மேல் மாடலில்தான் வரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 14 லட்சம் ரூபாய்க் கார் என்றால் வரியே இரண்டரை லட்சம். முதல் கார் வாங்கப் போகும் ஒரு குடும்பம் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் வங்கிக் கடனுக்குக் கணக்குப் போடுகிறது.

அந்த ஓடைப் படத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 2015லும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் கார்கள் என்ன ஆயின என்பதை உங்கள் நாளிதழே பக்கம் பக்கமாகப் படம் போட்டது. தண்ணீர் இழுத்த இன்ஜினுக்குச் சாதாரணக் காப்பீடு பணம் தராது; இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. இது தெரியாமல், விளம்பரத்தில் பார்த்த தைரியத்தில் தேங்கிய தண்ணீரில் இறக்கியவர் என் உறவிலேயே உண்டு. மேற்கூரையில் நிற்கும் சிறுமியின் படமோ அதைவிட மோசம். திடீர் பிரேக் என்றால் என்ன ஆகும் என்பதற்கு என் அம்மாவின் நெற்றி சாட்சி. பாதுகாப்பற்ற ஓட்டுதலை ஊக்குவிக்கும்படி வாகன விளம்பரம் இருக்கக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறையில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றி மன்றத்துக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன்.

விளம்பரம் மாறாது என்று எங்கள் நண்பர்கள் சொல்கிறார்கள். மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் என் கண்முன் இருக்கிறது. 2014ல் இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களைக் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது, உள்ளே இருக்கும் பெரியவர்களின் பாதுகாப்புக்கான மதிப்பீட்டில் ஒன்றுக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு எந்த விளம்பரத்தில் நட்சத்திரம் இருந்தது? 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் என்ற சோதனைத் திட்டம் வந்தது. இப்போது ஐந்து நட்சத்திரம் வாங்கிய நிறுவனம் அதை முழுப்பக்கத்தில் போடுகிறது. அளந்து சொல்ல ஆள் வந்ததும் விளம்பரமும் பேச ஆரம்பித்துவிட்டது. பிரான்சில் 2021ல், கைப்பேசி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று விதி வந்தது. நம் அரசும் 2022ல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் இணையதளம் திறந்தது. அதில் வாகனத் துறையும் இருக்கிறது. கார்களுக்கு அப்படி ஒரு மதிப்பெண் வந்தால், முன்விளக்கின் விலை 31 ஆயிரமா மூவாயிரமா என்பதும் ஒருநாள் முழுப்பக்கத்தில் வரும்.

அதுவரை உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் சனிக்கிழமை இணைப்பில் வாரம் ஒரு புதிய காரைப் பற்றிக் கட்டுரை வருகிறது. நிறுவனத்தின் அழைப்பில் ஒரு நாள் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்து எழுதியது என்று அதிலேயே குறிப்பிடுகிறீர்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன். மாதத்தில் ஒரு வாரமாவது, ஐந்து வருடம் ஓடிய அதே காரை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். என்ன கெட்டது, என்ன செலவு, ஸ்டெப்னி இருக்கிறதா, திரை உறைந்ததா, உண்மையில் லிட்டருக்கு எவ்வளவு தந்தது என்று. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிய டாக்ஸி ஓட்டுநர்கள் காந்திபுரத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தால் அவர்கள் சொல்லும் விவரம் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

மகள் காருக்கு நான் எழுதிவரும் நோட்டின் நகலை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இதுவரை 23 பக்கம். நிறுவனம், மாடல் பெயர்களை மறைத்துவிட்டேன். கூட்டல் கழித்தல் எல்லாம் இருமுறை சரிபார்த்தது. இணைப்பில் அப்படி ஒரு பகுதி தொடங்குவதாக இருந்தால் முதல் வாரத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
ராமநாதபுரம், கோயம்புத்தூர்.